மூன்று நிமிடம் ஓடிய எஞ்சின்: ஐந்தாண்டு நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஐந்தாண்டுகள் கூரைக்கு அடியில் நின்றிருந்தது. 100 சிசி டூ-ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், கிக்கர் மட்டுமே. தனி ஆயில் பம்பு இல்லாத பழைய அமைப்பு என்பதால், 40 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) என்று கலந்து டேங்கில் ஊற்ற வேண்டும். உரிமையாளர் வேலைக்காக வெளியூர் போனபோது ஏறத்தாழ 7 லிட்டர் கலவை டேங்கில் இருந்திருக்கிறது. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போயிருக்கிறார். கார்புரேட்டரைக் காலி செய்யவில்லை.

உரிமையாளரான அக்கா திரும்பி வரும் நாளில் வண்டியை ஓடும் நிலையில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. டேங்க் மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போன்ற நெடி வந்திருக்கிறது. குச்சி விட்டுப் பார்த்ததில் 4 லிட்டர் போல மிச்சம். அதன் மேலேயே 2 லிட்டர் புதுப் பெட்ரோலை, ஆயிலைச் சரியாக அளந்து கலந்து, ஊற்றியிருக்கிறார். அடியில் கிடப்பதும் வந்து தீரட்டும் என்று டேப்பை ரிசர்வில் வைத்திருக்கிறார். உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகு, பிளக்கைக் கழற்றித் துளை வழியாகச் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு மறுபடி உதைத்ததில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சோக்கை இழுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடியது, தளர்த்தினால் அணையப் பார்த்தது. அப்படியே மூன்று நிமிடம் ஓடியிருக்கிறது. திடீரென்று சத்தம் கம்மியது. உலோகம் உரசும் கீச்சொலி ஒன்று கேட்டது. நின்றுவிட்டது. கிக்கர் இறங்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கியது.

மறுநாள் இருவரும் வண்டியை என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உரிமையாளர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "அண்ணா, பழைய பெட்ரோல் இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இது ஸ்டார்ட் ஆன பிறகுதானே கெட்டது?"

முதலில் செய்யாதவை

நான் கிக்கரைத் தொடவில்லை. உரசி நின்ற எஞ்சினை 'ஒரு தடவை பார்ப்போம்' என்று உதைப்பதுதான் சிறிய காயத்தைப் பெரிய காயமாக்குகிறது. பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, டேங்கைக் காலி செய்யும் வேலையைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோனேன். பழைய பெட்ரோல் வீரியம் இழந்தது, தீப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆபத்தான நினைப்பு. எஞ்சினுக்கு உதவாத பெட்ரோல்கூட ஒரு தீப்பொறிக்குப் போதும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தள்ளி இருக்கும் அடுப்பையோ சுவிட்சையோ எட்டிவிடும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கக் காத்திருக்கின்றன.

டேங்கைக் குலுக்காமல், வண்டியைச் சாய்க்காமல், ரிசர்வ் வழியாகவே வடித்தேன். முதலில் வந்ததை ஒரு லிட்டர் அளவுள்ள மூன்று கண்ணாடி பாட்டில்களில் வரிசையாகப் பிடித்து 1, 2, 3 என்று எண் எழுதினேன். மீதியை உலோகக் கேனில் இறக்கினேன். கண்ணாடியில் பெட்ரோலைச் சேமித்து வைக்கக் கூடாது. நிலையைப் பார்க்க மட்டும்தான் அந்தப் பாட்டில்கள். இந்த வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கவிழ்த்திருந்தால் இந்த வழக்கின் முதல் சாட்சியை நானே அழித்திருப்பேன்.

பாட்டில்கள் சொன்னது

பத்து நிமிடம் அசையாமல் வைத்தேன். மூன்றாம் பாட்டில் கடுந்தேநீர் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. இரண்டாவதும் அப்படியே, அடியில் மட்டும் துருப்பொடி. முதல் பாட்டிலில் இரண்டு திரவங்கள் இருந்தன. கீழிருந்து முக்கால் உயரம் வரை வெளிர் மஞ்சளில் ஒன்று, அதன் மேல் தேநீர் நிறத்தில் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறியது போன்ற ஒரு கோடு. பாட்டிலை மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடும் சாய்ந்து மட்டம் பார்த்தது.

ஒரு கிண்ணம் தண்ணீரில் மேல் அடுக்கிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். வானவில் நிறத்தில் பரவி மிதந்தது. கீழ் அடுக்கின் சொட்டு மெல்லிய கலங்கலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு கரைந்துபோனது. கீழே இருந்தது, பெட்ரோலில் கலந்து விற்கப்படும் எத்தனால் என்ற ஆல்கஹாலும் நீரும்.

பிறகு வெள்ளைக் காகிதத்தில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டு நிழலில் உலரவைத்தேன். மேல் அடுக்கின் சொட்டு உலர்ந்த இடத்தில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை, விரல்நுனி அளவுக்கு. கீழ் அடுக்கின் சொட்டு உலர்ந்த இடத்தில் மங்கலான ஒரு மஞ்சள் வளையம் மட்டும். எண்ணெய்க் கறை என்று சொல்ல ஏதுமில்லை. அந்தக் காகிதத்தைத் தம்பியின் கையில் கொடுத்தேன். வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

ஒரே டேங்கில் இரண்டு கேடுகள்

பெட்ரோல் என்பது ஒற்றைப் பொருள் அன்று. இலேசானதும் கனமானதுமாகப் பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்வதற்கு இலேசானவை வேண்டும். நிற்கும் டேங்கிலிருந்து முதலில் பறப்பவையும் அவையே. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாக மாறுகிறது. சுத்திகரிப்பு ஆலையிலேயே இதைத் தடுக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள், ஆனால் அவையும் காலப்போக்கில் தீர்ந்துபோகும். வெப்பமும் செம்பு போன்ற உலோகத் தொடுகையும் இதை விரைவுபடுத்துகின்றன. வார்னிஷ் நெடியும் தேநீர் நிறமும் இப்படி வந்தவை. இது எல்லா வண்டிக்கும் பொதுவான கேடு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் பெரும்பாலும் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற அளவில் தொல்லை நின்றிருக்கும்.

டூ-ஸ்ட்ரோக்கில் கணக்கு வேறு. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகள், பிஸ்டன், ரிங் எல்லாமே பெட்ரோலோடு வரும் ஆயிலை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. பெட்ரோல் ஆவியாகும், ஆயில் ஆகாது. 7 லிட்டருக்கு 40க்கு 1 என்றால் ஆயில் 175 மில்லி. 3 லிட்டர் பறந்து 4 லிட்டர் நின்றபோது அதே 175 மில்லிதான் அதிலும் இருந்தது. விகிதம் ஏறத்தாழ 23க்கு 1 ஆகிவிட்டது. பிளக் நனைந்து கரி பிடிக்கவும், புகை கக்கவும் இது போதும். அளவுக்கு மேல் ஆயில் சேர்ந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை.

இது மேல் அடுக்கின் நிலை. கீழ் அடுக்கோ நேர் எதிர். அங்கே ஆயில் ஏறக்குறைய இல்லை.

எத்தனால் நீரை விரும்பி இழுக்கும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், மிதமான வெப்பநிலையில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ அரை விழுக்காடு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 5 லிட்டருக்கு 25 மில்லி. குளிர் கூடினால் அதுவும் முடியாது. எல்லை தாண்டியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 2டி ஆயில் பெட்ரோலின் உறவு. நீர் கலந்த எத்தனாலோடு போகாது, மேலேயே தங்கிவிடும். இந்த டேங்கின் மூடியில் ரப்பர் வளையம் வெடித்துக் கிடந்தது. பகலில் சூடேறி ஆவியை வெளியே தள்ளியும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுத்தும் டேங்க் ஐந்தாண்டுகள் மூச்சு விட்டிருக்கிறது. பாதி காலியான டேங்கில் மூச்சுவிட நிறைய இடம்.

இனி டேப்பைப் பாருங்கள். 'ஆன்' நிலையில் பெட்ரோல், டேங்கின் அடியிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும் குழாயின் வாயிலிருந்து வருகிறது. ரிசர்வில் அடிமட்டத்துத் துளையிலிருந்து வருகிறது. தம்பி ரிசர்வில் வைத்த கணத்தில் அந்த எஞ்சின் எண்ணெய் இல்லாத அடுக்கைக் குடிக்கத் தொடங்கியது. அவர் மேலே ஊற்றிய புதுக்கலவை மேலேயே மிதந்தது. அதிலிருந்த எத்தனாலும் கீழே இறங்கி அந்த அடுக்கைப் பெருக்கியிருக்கும்.

வேறு காரணமாக இருக்கலாமே

பாட்டிலைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன் பிடிப்பதற்கு, அதாவது சிலிண்டரில் சிக்கி நிற்பதற்கு, வேறு காரணங்கள் தாராளமாக உண்டு.

புதுப் பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்திருக்கலாம். தம்பியின் கேனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதே காகிதச் சோதனை செய்தேன், நல்ல எண்ணெய்க் கறை விழுந்தது. அவர் மறக்கவில்லை.

கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ஆயில் சீல் காய்ந்து காற்றை உள்ளே விட்டிருக்கலாம். காற்று மிகுந்தால் பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்தே குறைந்து எஞ்சின் கொதித்துவிடும். நீண்ட காலம் நின்ற வண்டியில் நான் எப்போதும் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கார்புரேட்டர் வாயையும் புகைபோக்கி வாயையும் அடைத்து, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் காற்றேற்றினேன். இரத்த அழுத்தம் பார்க்கும் முள் கருவியில் 300 மில்லிமீட்டர் பாதரசம் என்ற கோடு ஏறத்தாழ 0.4 பார் அழுத்தம். இந்தச் சோதனைக்கு அது அளவாகப் பொருந்தும். ஆறு நிமிடத்தில் முள் சற்றே இறங்கியது. கிளட்ச் பக்கத்துச் சீலில் இலேசான கசிவு. மூன்று நிமிடத்தில் பிஸ்டனைப் பிடிக்கவைக்கும் கசிவு அன்று.

கார்புரேட்டரைத் திறந்தபோது, பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் பச்சை கலந்த பழுப்புப் பிசின் இருந்தது. நகத்தால் கீறினால் மெழுகு போல சுருண்டு வந்தது. ஐந்தாண்டுக்கு முன் அந்தக் கிண்ணத்தில் நின்ற கலவையில் பெட்ரோல் பறந்துபோக, எஞ்சிய ஆயிலும் பிசினும் அது. மெயின் ஜெட்டில் வெளிச்சம் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாத ஐடில் ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுள்ள பைலட் ஜெட்டில் தெரியவில்லை. முழு அடைப்பு. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினால் அணைந்ததற்கு விளக்கம் இதுதான். ஐடிலில் நிற்காத எஞ்சினை முறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. முறுக்கப்பட்ட எஞ்சினுக்கு அதிக ஆயில் தேவை. வந்து சேர்ந்ததோ ஆயில் இல்லாத திரவம். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும் என்பதால், பெட்ரோலுக்காக அளந்த ஜெட்டில் அது ஏழைக் கலவையாகவும் (காற்று மிகுந்து, எரிபொருள் குறைந்து) எரிந்திருக்கிறது. பைலட் அடைப்பு துணைக் குற்றவாளி. முதல் குற்றவாளி கீழ் அடுக்குதான் என்பது என் முடிவு.

திறந்து பார்த்தது

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், மிளகுத்தூள் தூவியது போலச் சின்னஞ்சிறு சாம்பல் நிறப் புள்ளிகள். பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம் அவை. இதைப் பார்த்த பின் சிலிண்டரைத் திறக்காமல் இருக்க முடியாது.

சிலிண்டரைத் தூக்கினேன். புகைபோக்கித் துவாரம் இருக்கும் பக்கத்தில் பிஸ்டனின் பாவாடைப் பகுதியில், அதாவது ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவரில், மேலிருந்து கீழாகக் கோடுகள், இரண்டு விரல் அகலத்துக்கு. மற்றப் பக்கங்கள் நன்றாகவே இருந்தன. அதிகம் சூடாகி விரியும் பக்கம் அதுவே என்பதால் ஆயில் வற்றும்போது முதலில் உரசுவதும் அங்கேதான். மேல் ரிங் ஓரிடத்தில் பள்ளத்துக்குள் சிக்கியிருந்தது. சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தது. நீர் தோய்த்த நுண்ணிய உப்புத்தாளால் அதை மெல்ல நீக்கிய பிறகு சுவரில் நகம் மாட்டவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அளவெடுத்ததில் தேய்மானம் வரம்புக்குள் இருந்தது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க ('போர்' செய்ய) வேண்டியதில்லை.

கிராங்க் கேஸின் அடியில் துரு நிறச் சகதி ஒரு தேக்கரண்டி இருந்தது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன், ஆட்டம் இல்லை. பெரிய முனைப் பேரிங் தப்பியது. பிஸ்டன் பின் சுற்றியிருக்கும் ஊசிப் பேரிங் மட்டும் வெப்பத்தில் பழுப்பேறியிருந்ததால் அதைத் தூக்கிப் போட்டேன்.

காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்தபோது வேறொரு ஆபத்தும் காத்திருந்தது தெரிந்தது. ஸ்பாஞ்சு வடிகட்டி தொட்ட இடத்தில் பொடியாக உதிர்ந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் அந்தப் பொடியும் உள்ளே போயிருக்கும்.

சீர்செய்தது

புதிய பிஸ்டன், ரிங், பின், ஊசிப் பேரிங், கேஸ்கெட்டுகள், இரு பக்க ஆயில் சீல்கள். கசிவு சிறிதுதான் என்றாலும், திறந்த எஞ்சினில் காய்ந்த சீலை மறுபடி உள்ளே வைக்க என் கை வராது. கிராங்க் கேஸை ஆயில் கலந்த புதுப் பெட்ரோலால் பலமுறை கழுவி, கவிழ்த்து வடித்து, பேரிங்குகளில் 2டி ஆயில் விட்டேன்.

கார்புரேட்டரில் ரப்பர் பாகங்களையும் மிதவையையும் தனியே எடுத்துவிட்டு மீதியைக் கிளீனரில் ஊறவைத்தேன். பைலட் ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை இளகிய உலோகம். துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டின் அளவே பொய்யாகிவிடும். ஊறவைத்து, அழுத்தக் காற்று ஊதி, மறுபடி ஊறவைத்தேன். இரண்டாம் நாள்தான் வெளிச்சம் தெரிந்தது. ஜெட் சுத்தமானால் வேலை முடிந்தது என்று பலரும் மூடிவிடுகிறார்கள். சோக்குக்குப் பெட்ரோல் ஏறும் குறுகிய கிணறு ஒன்று கிண்ணத்தின் ஓரத்தில் இருக்கிறது. அது அடைந்திருந்தால் குளிர்ந்த எஞ்சின் என்ன உதைத்தாலும் எழாது. இங்கேயும் பாதி அடைந்திருந்தது.

டேங்கில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. ஆவி போகும்வரை சோப்பு நீரால் கழுவிய பிறகு, 5 லிட்டர் வெந்நீருக்கு 250 கிராம் சிட்ரிக் அமிலம் என்ற அளவில் கரைத்து இரவு முழுவதும் வைத்தேன். காலையில் வடித்து, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தினேன். இந்த 'உடனே' தவறினால் கண்ணெதிரே செம்மண் நிறம் பூக்கத் தொடங்கிவிடும். உலர்ந்ததும் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றி எல்லாச் சுவரையும் நனைத்தேன். டேப்பின் வலையும் ரப்பரும், மூடியின் வளையமும், பெட்ரோல் குழாயும் புதியவை.

வடித்த பழைய பெட்ரோலை எதிலும் கலக்கவில்லை. சில மாதம் மட்டுமே நின்ற, தெளிந்த பெட்ரோலை நிறையப் புதிய பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாம். அடுக்குப் பிரிந்ததை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. பெட்ரோலைக் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரும் புதிய பெட்ரோலில் ஊற்றினால்தான் வேலை செய்யும். மூடிய உலோகக் கேனில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டி, எரிபொருள் கழிவு பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்தோம். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவது நாம் குடிக்கும் நீரில் ஊற்றுவதுதான்.

மறு தொடக்கம்

பிளக் துளை வழியாகச் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக் போடாமலே கிக்கரைக் கையால் இருபது முறை மெல்ல அழுத்தினேன். முதல் டேங்குக்கு 40க்குப் பதிலாக 30க்கு 1. மூன்றாவது உதையில் பிடித்தது. சைலன்சரில் தேங்கியிருந்த பழைய ஆயில் எரிந்து சில நிமிடம் தடித்த வெண்புகை வந்தது. பயப்பட வேண்டியதில்லை என்று இருவருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சோக்கைத் தள்ளியதும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, டூ-ஸ்ட்ரோக்கின் அந்த இடைவெளி விட்ட துடிப்போடு தானாக நின்று ஓடியது. தம்பி சிரித்த சிரிப்பை இந்தப் பதிவில் எழுதாமல் விட முடியாது.

சூடேற்றி முழுதாக ஆறவிடுவதை மூன்று முறை செய்தபின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். முதல் 300 கிலோமீட்டர் பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் போகவில்லை. அதன் முடிவில் பிளக் பீங்கான் வறுத்த நிலக்கடலைத் தோல் நிறத்தில் இருந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை.

உரிமையாளர் ஆண்டில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். அதனால் வண்டியை நிறுத்தும் முறையையும் மாற்றினோம். ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்றால் டேங்கை முழுதாக வடித்து, உள்ளே ஆயில் சுழற்றி, மூடியை இறுக்க வேண்டும். டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலி செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் நான் அதை ஏற்பதில்லை. கடைசிச் சில விநாடிகளில் பெட்ரோலோடு ஆயிலும் வற்றுகிறது. கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தினால் ஒரு நிமிட வேலை. அந்தத் திருகுக்குப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரைத் தம்பி இப்போது வண்டியின் கருவிப் பையிலேயே வைத்திருக்கிறார்.